யோனாவின் நாலாம் நாள்

தபால்காரர் போட்டுப்போன கடிதக் கட்டை டைப்பிஸ்ட் மூன்றாம் முறையாகப் புரட்டினார். மச்சானுக்கு அனுப்பிய ‘மந்தை மடல்’ இந்த மாதமும் திரும்பி வரவில்லை.

அனுப்பியது திரும்பி வந்தால் அழுகிற பத்திரிகைக்காரர்கள் உண்டு. வராததற்கு அழுத ஒரே ஆள் இவர்தான். ஆலை மூடிய வருஷம், ஆலைக் குடியிருப்பின் சின்னச் சபையும் கலைந்தது. அறுபத்து மூன்று குடும்பங்கள், அவிழ்ந்த மூட்டையின் நெல்லிக்காயாக, ஏழெட்டு தேசங்களுக்கு உருண்டு போயின. ஒருவர் கப்பலில் சமைக்கிறார். அவருடைய முகவரி மாதத்தில் மூன்று தரம் நகரும். ஆலை அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்ற இவர், மாதாமாதம் நாலு பக்கம் ‘மந்தை மடல்’ அடித்து, பின் குத்தி, எல்லோருக்கும் தபாலில் போட்டார். யாருக்கு முழங்கால் மாற்றினார்கள், எந்த வீட்டில் ஞானஸ்நானம், எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பக்கத்தில் வேதாகமப் புதிர்.

முதல் இதழிலேயே வினை. சபையின் கடைசி ஆராதனையைப் பற்றி, “பாடகர் குழுவினர் தங்களால் இயன்ற அளவு பாடினார்கள்” என்று எழுதினார். பாராட்டு என்றே நினைத்து எழுதினார். குழுவை நடத்தியவர் மனைவியின் அண்ணன், இந்த மச்சான்தான். அன்றோடு தங்கையிடமும் மாப்பிள்ளையிடமும் பேச்சை நிறுத்தினார்.

ஆனால் மாதந்தோறும் மடல் போகும். மாதந்தோறும் உறைமேல் சிவப்பு மையில் ‘வேண்டாம்’ என்று திரும்பி வரும். உறை பிரித்து ஒட்டியிருக்கும். உள்ளே புதிருக்குப் பென்சிலில் விடை எழுதி, ரப்பரால் அழித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு விடை தப்பில்லை.

“உங்க அண்ணன் தெம்பாத்தான் இருக்காரு. அழிச்ச வேகத்துல பேப்பரே கிழிஞ்சிருக்கு பாரு” என்பார். மனைவி கண்ணாடி மாட்டிக்கொண்டு அண்ணனைப் படிப்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார். ‘புதிர் மன்னர்’ என்று மச்சான் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார். அத்தோடு திரும்பி வருவது நின்றது.

“பாராட்டித்தானேம்மா போட்டேன்?”

“அன்னைக்கும் பாராட்டத்தான் செஞ்சீங்க. பக்கத்து வீட்டுல கேட்டேன். காலையில நல்லா நடக்கப் போறாராம். உடம்புக்கு ஒண்ணுமில்ல. நம்மளத்தான் வேண்டாம்னுட்டாரு.”

அடுத்த இதழில், நாற்பது வருஷம் பிழை அடித்தறியாத விரல்களால், ‘யோனா மீன் வயிற்றில் நாலு நாள் இருந்தான்’ என்று வேண்டுமென்றே அடித்தார். வேதத்தில் மூன்று நாள்தான். மச்சானுக்குச் சோறு இறங்காது என்பது கணக்கு.

பதில் வரத் தொடங்கிய ஒரே வாரத்தில் அறுபத்திரண்டு கடிதம். பன்னிரண்டு வருஷம் வாய் திறக்காதவர்களும் எழுதியிருந்தார்கள். “மாமா, சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்களா?” என்றாள் ஒரு நர்சு. நாலாம் நாள் எந்த மீனும் தாங்காது, அனுபவத்தில் சொல்கிறேன் என்றார் கப்பல் சமையற்காரர். தாள் எடுத்தாயிற்றே என்று திட்டுக்குக் கீழே வீட்டுச் சேதியும் சேர்த்திருந்தார்கள்: ஒரு பேத்தி பிறந்திருந்தாள், ஒருவருக்கு வேலை போயிருந்தது, ஒரு விதவை மறுமணம் செய்திருந்தாள். அடுத்த இதழ் எட்டுப் பக்கம் ஆகும் போலிருந்தது.

மச்சானிடமிருந்து மட்டும் ஒரு வரி இல்லை. டைப்பிஸ்ட் இயந்திரத்தை உறை போட்டு மூடி வைத்தார்.

முதல் கடிதம் வந்த பன்னிரண்டாம் நாள், டைப்பிஸ்ட் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி எடுத்தாள். எடுத்த வேகத்தில் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். சத்தம் அடுப்படி வரை கேட்டது.

“எங்க அந்த ஆளு? மூணு நாளுங்கறது சின்னப் புள்ளைக்குத் தெரியும்! இதுல இவருக்குப் பத்திரிகை ஒரு கேடு! போன மாசம் ரெண்டாம் பக்கத்துல...”

அவள் வாயை முந்தானையால் பொத்தினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று டைப்பிஸ்டுக்குத் தெரியவில்லை. “ரொம்பத் திட்டுறாருங்க” என்றாள் மெல்ல.

“குறுக்கப் பேசாத. மூச்சு விட்டுட்டுத் திரும்ப ஆரம்பிக்கட்டும்.”

போனை மேசைமேல் மல்லாக்கப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு நாற்காலி இழுத்துப் போட்டு, தலையோடு தலை முட்டக் குனிந்து இருவரும் உட்கார்ந்தார்கள். மச்சான் ஐந்து வருஷத்துக்கு முந்தைய இதழ் ஒன்றின் மூன்றாம் பக்கத்துக்கு வந்திருந்தார்.