வேலை நாளில் அப்டேட்

மாடி வீட்டுக்காரருக்குக் 'கறுப்புத்திரை' என்று யார் பெயர் வைத்தார்களோ, அச்சாகப் பொருந்திவிட்டது. எந்நேரமும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தட்டிக்கொண்டிருப்பார். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸின் தீவிர பக்தர். விண்டோஸ் வைத்திருப்பவர்களை, சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்கும் அப்பாவிகளைப்போலப் பார்ப்பார். லிஃப்டில் மாட்டியவர்களுக்கு இலவச உபதேசம் வேறு: "முக்கியமான வேலை இருக்கிற நாள்ல அப்டேட் மட்டும் போட்டுராதீங்க."

அப்படிப்பட்டவர், மனைவிக்குப் பதினொரு மணிக்கு வீடியோ நேர்காணல் இருந்த அன்று, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் பேசவேண்டிய கணினியிலேயே அப்டேட் போட்டார்.

ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வேலை தூரத்து ஊரில், ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில். கிடைத்தால் அவள் அங்கேயே அறையெடுத்துத் தங்கவேண்டும். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தாலே பெரிது. "போயிட்டு வா, எனக்குச் சந்தோஷம்தான்" என்று வாய்நிறையச் சொன்னவர் அவர்தான். அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்டேட்டில், லினக்ஸின் அடித்தளமான கெர்னல் புதிதாகிவிட்டது. கேமராவை இயக்கும் டிரைவர் நிரலோ, பழைய கெர்னலுக்கென்று அவரே அளவெடுத்துத் தைத்தது. புதியதோடு ஒட்டவில்லை. கேமரா கண்ணை மூடிக்கொண்டது.

"என்னங்க, என் மூஞ்சியே தெரியலை?" என்றாள் மனைவி.

"டிரைவர் மக்கர் பண்ணுது. ஒரு நிமிஷம்."

அக்காவுக்குத் தைரியம் சொல்ல வந்திருந்த மச்சினி விடுவாளா? "அத்தான், உங்க ஒரு நிமிஷம் போன வருஷம் ஆரம்பிச்சதுதானே?"

"நீ சும்மா இரு. டிரைவரைப் புதுசா கம்பைல் பண்ணிட்டிருக்கேன்."

"ஏங்க்கா, போன்ல பேசினா ஆகாதா?"

"ஆகாதுடி. கம்ப்யூட்டர்லயே ஏதோ டெஸ்ட் வைப்பாங்களாம்." அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு இடத்துல வேணாம்னுட்டாங்க. இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்."

பழைய கெர்னல் எங்கும் ஓடிவிடவில்லை. கணினியை அணைத்துப் போடும்போது வரும் பட்டியலில் அதைத் தொட்டால் போதும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அது தெரிந்தும் அவர் விரல்கள் வேறெதையோ தட்டிக்கொண்டிருந்தன. திரையில் பிழை மேல் பிழையாக ஓடியது. ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசாவதுபோல் இருந்தது. அப்படி லேசாவதை நினைக்க அவருக்கே அருவருப்பாகவும் இருந்தது.

மச்சினி எழுந்தாள். "இது வேலைக்காகாது. எதிர்வீட்டு டீச்சர்கிட்ட விண்டோஸ் லேப்டாப் இருக்கு. வாங்கிட்டு வரேன்."

மனுஷருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவி ஊரைவிட்டுப் போவதைக்கூட எப்படியோ பொறுத்துக்கொள்வார். எதிர்வீட்டு விண்டோஸ் தன் மேசையில் ஏறுவதை மட்டும் எப்படிப் பொறுப்பார்?

"ஏய், நில்லு!"

அணைத்தார், போட்டார், பழைய கெர்னலைத் தொட்டார். கேமராவின் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மனைவியின் முகம்.

"அத்தான்னா அத்தான்தான்!" என்று மச்சினி கைதட்டினாள்.

மனைவி தட்டவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கறுப்புத் திரையோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் கொஞ்சமாவது புரியாதா?

"பழசு உள்ளேயேதான் இருந்துச்சா?"

"ம்."

"உங்களுக்குத் தெரியும்."

அவர் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க. டைம் ஆச்சு."

போனார். ஆனால் தூரமாகப் போகவில்லை. கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உள்ளே கேள்விகளும் பதில்களும் நீண்டன. நடுவில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் ஓர் ஆண்குரல், எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டது.

"எப்ப வேணாலும் சார்," என்றாள் அவள். "நாளைக்குன்னாலும் சரி."