வீட்டாளுக்கு எதுக்கு அழைப்பு

சிவபாண்டி காலையில் சட்டையை மாட்டும்போதே மாரிக்கனி கேட்டுவிட்டாள்.

"இன்னைக்காவது நமக்குப் பத்திரிகை வைப்பாவளா?"

"வைக்காம? இன்னைக்கு நம்ம ஊருக்குத்தான் வாராவ. நம்ம தெரு முக்கத் தாண்டித்தான் வண்டி போவணும்."

"பேரு எழுதி, வீட்டுக்குள்ள ஏறி வந்து வச்சாத்தான் நான் கல்யாணத்துக்கு வருவேன். இப்பமே சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. போன வருசம் முதலாளியின் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு யாரும் அழைக்காமலே அவளைக் கூட்டிப் போனவன் அவன்தான். நமக்கென்ன தனியா அழைப்பு என்று பெரிய மனுசனாகப் பேசிக் கூட்டிப் போனான். கூரைப்புடவையில் போய் நின்றவளிடம் முதலாளியம்மா தங்கபாய் விளக்குமாற்றைக் கொடுத்து, "நல்ல நேரத்துல வந்தட்டி, மேல் மாடியக் கூட்டிரு" என்றாள். மாரிக்கனி கூட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் புடவையை அவள் கட்டவே இல்லை.

முதலாளி சுயம்புலிங்கத்துக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம். பதினாலு வருசமாக அவருக்கு வண்டி ஓட்டுகிறான் சிவபாண்டி. முதலாளியின் மகள், கல்யாணப் பெண் அனுசியாவைப் பள்ளிக்கூடத்துக்கும், டியூஷனுக்கும், மஞ்சள்காமாலை வந்தபோது மதுரை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு சேர்த்தவன். அவளுக்கு ஒரு பத்திரிகை எடுத்து நீட்டத் தோன்றாதா என்று அவன் உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் இருந்தான். அந்த நம்பிக்கைதான் அவனைக் கேவலப்படுத்தியது.

முதல் வீடு ராஜபாளையத்திலேயே, தெலுங்கு பேசுகிற மில்காரர் வீடு. தாம்பாளத்தை டிக்கியிலிருந்து எடுத்து கேட் வரைக்கும் தூக்குவது சிவபாண்டி. கேட்டில் தங்கபாய் வாங்கிக்கொள்வாள். சுயம்புலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகு வளைந்து, "அந்தரு ராவாலண்டி, தப்பகுண்டா ராவாலி" என்று தெலுங்கிலேயே எல்லாரையும் தவறாமல் வரச் சொல்லி அழைத்தார். கைக்குழந்தையைக்கூட விடவில்லை. அதன் பேரைக் கேட்டு அதையும் அழைத்தார்.

அடுத்தது துணி மொத்தமாக எடுக்கும் சேட்டு. அங்கே இந்தி. "ஸபரிவார் பதாரியே" என்று குடும்பத்தோடு வரச் சொல்லிக் கையைக் கூப்பினார். வண்டியில் வரும்போது போனில் வீடியோ போட்டுப் போட்டு அதைப் பாடம் பண்ணியிருந்தார். சேட்டு பூரித்துப் போனார்.

"பாத்தியாலே? அவன் பாசையில கூப்பிட்டா அவனுக்குக் குளுந்து போவும். கூப்பிடுறதுல ஒரு முறை இருக்கு. சும்மா வா வான்னா நாயி கூட வராது."

"ஆமா மொதலாளி."

இப்படியே பதினோரு வீடு. மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார்கள். ஆடிட்டர் ஸுந்தரராஜன் வீடு கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில். அங்கே சுயம்புலிங்கத்தின் தமிழே மாறியது. "குடும்ப சகிதமா எழுந்தருளி ஆசீர்வாதம் பண்ணணும்" என்றார். வாசலில் வெயிலில் நின்ற சிவபாண்டி அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆடிட்டரின் மனைவி பெருந்தேவி ஜன்னல் வழியே அவனைப் பார்த்துவிட்டாள்.

"டிரைவர் ஏன் வெயில்ல நிக்கறார்? உள்ள வாங்கோ. ஒரு வாய் காபி சாப்டுட்டுப் போலாம்."

சுயம்புலிங்கம் முந்திக்கொண்டார். "அவன் குடிக்க மாட்டான் மாமி. வெளியவே இருந்து பழக்கம்."

"குடிப்பேன்மா" என்றான் சிவபாண்டி.

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். முதலாளிக்கு நேரெதிரே. பதினாலு வருசத்தில் அவருக்கு முன்னால் அவன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தவிர வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. காபி நாக்கைச் சுட்டது. குடித்தான்.

"கல்யாணத்துக்கு உங்காத்துலேந்தும் எல்லாரும் வருவேளோன்னோ?" பெருந்தேவி வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"எங்கள இன்னும் கூப்பிடல மாமி."

தங்கபாய் தாம்பாளத்தைப் பார்த்தாள். சுயம்புலிங்கம் பெரிதாகச் சிரித்தார்.

"நம்ம வீட்டுப் பிள்ளை மாமி இவன். வீட்டாளுக்கு எதுக்கு அழைப்பு?"

ஆடிட்டர் தலையாட்டினார். பெருந்தேவி ஆட்டவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டியில் ஏறியதும் சுயம்புலிங்கம் ஆரம்பித்தார். "என்னலே, சபையில மானத்த வாங்குத? கேக்கணும்னா எங்கிட்டத் தனியாக் கேக்க வேண்டியதான?"

"கேட்டு வாங்குறது அழைப்பா மொதலாளி?"

"வாய் நீளுது."

"விடுங்க" என்றாள் தங்கபாய். பையைத் துழாவி ஒரு கவரைப் பின் சீட்டிலிருந்து அவன் தோளுக்கு மேலே நீட்டினாள். "இந்தாப்பா, ஒண்ணு மிச்சம் இருக்கு. புதுப்பட்டிக்காரவிய பேரு போட்டிருக்கும், அவிய கூடப் பேச்சுவார்த்தை இல்ல இப்பம். அத அடிச்சிட்டு ஒன் பேர எழுதிக்க."

அவன் அதை வாங்கவில்லை. கவர் அவன் மடியில் விழுந்தது. பேச்சுவார்த்தை முறிந்துபோன எவனோ ஒருவனுடைய பேரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவன். பதினாலு வருசத்துக்கு அதுதான் விலாசம்.

மடவார் வளாகத்தில் வண்டியைத் தன் தெருவுக்குள் திருப்பினான்.

"எங்கலே போற?"

சந்தில் கண்ணாடி உரசாத குறை. வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியையும் கவரையும் எடுத்துக்கொண்டு இறங்கி, பின் கதவைத் திறந்து பிடித்தான்.

"எறங்குங்க மொதலாளி. அக்கா, நீங்களும் வாங்க. உள்ள வந்து எங்களுக்குப் பத்திரிகை வைங்க."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? இன்னும் எட்டு வீடு கெடக்கு."

"தெலுங்குல கூப்பிடணுமா? ரண்டி. சேட்டு பாசையிலன்னா பதாரியே. இன்னும் எப்படிக் கூப்பிட்டா எறங்குவீய? சொல்லுங்க, கூப்பிடுதேன்."

சத்தம் கேட்டு மாரிக்கனி வெளியே வந்தாள். காரைப் பார்த்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கக்கா, வாங்க" என்றாள். சுவரோரம் நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டாள்.

தங்கபாய் காலைக் கீழே வைக்கவில்லை. "இருக்கட்டும் மாரி. கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன்னாடியே வந்துரு. வேலை மலையாக் கெடக்கு" என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

மாரிக்கனி நாற்காலியைத் திருப்பி உள்ளே கொண்டுபோனாள். புருசனைப் பார்க்கவே இல்லை.

சிவபாண்டி வண்டியில் ஏறவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. ஏசி அணைந்து போனதில் உள்ளே இரண்டு பேருக்கும் வேர்த்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சுயம்புலிங்கம் கிளட்ச் மிதிக்க முடியாதவர். ஆரன் அடிக்கச் சொல்ல ஆள் இல்லாமல், பின் சீட்டிலிருந்து தானே எட்டி அடித்தார். பின்னால் வந்த தண்ணி லாரிக்காரனும் அடித்தான்.

கடைசியில் சுயம்புலிங்கம் கண்ணாடியைச் சுற்றி இறக்கினார்.

"சிவபாண்டி" என்றார். முழுப் பேரை அவர் வாயில் அவன் கேட்டதே இல்லை. "வாங்க. வாங்க சிவபாண்டி, போவோம். பொறவு பேசிக்கிடலாம்."

மில்காரர் வீட்டிலும் சேட்டு கடையிலும் ஆடிட்டர் கூடத்திலும் கேட்ட அதே குரல். அதே இனிப்பு. அப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே கொதித்தது. மரியாதை அந்த மனுசனிடம் இல்லாமல் இல்லை. இருந்திருக்கிறது, பதினாலு வருசமாக. எடுத்துத் தரவில்லை, அவ்வளவுதான்.

சாவியையும் கவரையும் ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டான்.

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆக்டிங் டிரைவரு நிப்பான். இதே மாதிரி நயமாக் கூப்பிடுங்க, வருவான்."

உள்ளே போனான். மாரிக்கனி அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள்.

"பத்திரிகைதான கேட்டேன். வேலைய விட்டுட்டு வரச் சொன்னனா?"

வெளியே லாரிக்காரன் முதலாளியை அடே என்று அழைத்து, வண்டியை எடுடா என்று கத்திக்கொண்டிருந்தான்.