உறுப்பினர் ஜுனைதா

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த மறுநாளே ஜுனைதா ஊர் நெசவுச் சங்கத்துக்குப் போனாள். கணவன் மசூர் காய்ச்சலில் மவுத்தானதோடு சங்கம் அவளுக்கு நூல் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. ஒன்பது வருடமாகத் தறியில் இருந்தவள் அவள்தான். மசூர் கடலுக்குப் போகிறவன். ஆனால் சங்கத்தில் இருந்தது அவன் பெயர்.

மசூரின் தம்பி மக்கீன் ஏற்கனவே ஒரு வழி சொல்லியிருந்தான். "உங்கட நூல் பங்கையும் என்ட பேருல எடுத்துத் தாறன், மதினி."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருவர் பெயரில் நெய்தது போதும் என்று பட்டது. தன்னையே உறுப்பினராகச் சேர்க்கும்படி சங்கத்தில் கேட்டாள்.

"பொம்புளைகள் ஆரும் இதுவரைக்கும் சேரல்லயே, தங்கச்சி" என்றார் செயலாளர் பதியுதீன்.

"சேரக்குடாதெண்டு சட்டத்தில இரிக்கா, காக்கா? ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். பதினெட்டு வயது நிரம்பிய, இவ்வூரில் வசிக்கும், நெசவு செய்யும் எவரும் சேரலாம். அந்த வரியை அவரே இரண்டாம் முறையும் வாசித்தார்.

"ஆம்புளை எண்டு இல்லத்தான். ஆனா கூட்டத்தில கேக்கணும்."

கூட்டத்தன்று ஜுனைதா கதவுக்கு வெளியே நின்றாள். மக்கீன்தான் முதலில் எழுந்தான். "பொம்புளைகளுக்கும் குடுத்தா நம்மட பங்கு குறையும்."

"உங்கட ஊட்டுத் தறியில ஆரு இரிக்கிற, தம்பி?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

மக்கீனின் மனைவி நதீரா நெய்வது ஊருக்கே தெரியும். மக்கீன் உட்கார்ந்துகொண்டான். பதியுதீன் ஜுனைதாவின் பெயரை உறுப்பினர் ஏட்டில் எழுதிக்கொண்டார்.

மக்கீன் சொன்னதும் முழுப் பொய்யல்ல. அவளைப் பார்த்து றபீக்கா என்ற நெசவுக்காரியும் வேறு மூன்று பெண்களும் சேர்ந்தபோது ஆளுக்குக் கிடைத்த நூல் குறையத்தான் செய்தது. சிலர் ஜுனைதாவைக் கண்டால் முகம் திருப்பினார்கள். அடுத்த வருடம் சங்கத்தில் நெய்த சாரன் துணிகள் கூடுதலாக விற்றன. கல்முனையிலிருந்து வந்த நூலும் கூடியது. மக்கீன் மட்டும் பெருநாளுக்குக்கூட அண்ணன் பிள்ளைகளைப் பார்க்க வரவில்லை. அது அவளுக்கு வலித்தது.

ஒரு பகல் நதீரா வந்தாள். "என்னயும் சேத்து உடுங்க, மதினி. அவருக்குத் தெரியாமத்தான் வந்த."

அவளைச் சங்கத்துக்குக் கூட்டிப் போக ஜுனைதாவுக்கு ஆசைதான். ஆனால் தன் பேர் மறைந்திருக்க நெய்த வருடங்கள் நினைவில் இருந்தன.

"அவருக்குச் செல்லிப்போட்டு வாங்க. பொறகு சங்கத்துக்கு நானே கூட வாறன்."

நதீரா திரும்பி வர இரண்டு மாதமானது. மக்கீனும் கூட வந்தான். உள்ளே வராமல் வேலிக்கு அப்பால் நின்று, அண்ணன் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.