நாலாவது நம்பர்

என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் இல்லை. இதை இந்தப் புலாவ் செபாங் ஊரில் எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறேன்! ஸ்ட்ரோக்கில் ஒரு கையும் பேச்சும் போயின, அவ்வளவுதான். உள்ளே மனுஷன் அப்படியேதான் இருக்கிறார். தண்ணீர் கேட்க நினைத்தால் வாயில் ‘ஏழு’ என்று வருகிறது. இதற்கு அஃபேசியா என்று பெயராம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: நாலு பேர் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

நாலு பேருக்கு நான் எங்கே போவேன்? இவர் ஃபேக்டரி பஸ் ஓட்டிய காலத்தில் “காந்தண்ணே, காந்தண்ணே” என்று சுற்றிய கூட்டம் எட்டிப் பார்க்கவில்லை. கூட வேலை செய்த வசந்தன் மட்டும் ஒருநாள் வந்தான். செவிடனிடம் பேசுவதுபோல் கத்திவிட்டுப் போனான். போனவன், இவர் உளறிய எண்களை நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எழுதியிருக்கிறான். அடித்துவிட்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே! சனிக்கிழமைக் குலுக்கல் என்றால் வாசல் நிறைய மோட்டார் சைக்கிள். என் புருஷன் நாக்கில் சாமி வந்துவிட்டதாம். விளக்குமாற்றோடு போனேன். இவர் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவர்கள் கேள்வி கேட்டுவிட்டு இவர் வாயையே பார்த்திருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, குறுக்கே பேசவில்லை. பெற்ற மகன்கூட அதைச் செய்ததில்லை. வெட்கத்தை விட்டு நாற்காலி போட்டேன்.

நாளாக ஆக வார்த்தைகள் திரும்பின. எண்கள் வருவது நின்றது. ஒருநாள் வசந்தன், “இன்னிக்கு என்னண்ணே?” என்றான். இவர் நெடுநேரம் திணறி, “வசந்தா, தேத்தண்ணி குடி” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வசந்தனுக்கு முகம் தொங்கிப்போனது.

“அண்ணனுக்குச் சரியாயிருச்சு லா,” என்று எழுந்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாய்கூட வரவில்லை.

நேற்று இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். வசந்தன் மோட்டாரில் போனான். “வசந்தா” என்று தெளிவாகத்தான் கூப்பிட்டார். அவன் கையை ஆட்டிவிட்டு நிற்காமல் போனான். இவர் என்னைப் பார்த்தார். பிறகு தெருப்பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினார்.

“ஏழு! ரெண்டு! ஏழு!”

மோட்டார் திரும்பி வந்தது. இவர் நல்ல கையால் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். வசந்தன் உட்கார்ந்து நாலாவது நம்பருக்குக் காத்திருந்தான். பாவி மனுஷன், வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.