வெள்ளிக்கிழமைப் பால்

டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருந்த சற்குணத்தின் முகத்துக்கு நேரே ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார் நர்ஸ் ஐரீன் மிஸ்ஸி.

"பாஸ்பேட் திரும்பவும் ஏறிடுச்சு ஆன்ட்டி. ஒளிச்சு வச்சு நெத்திலி சாப்பிடுறீங்களா?"

"உங்க அங்கிள கேளு. வீட்ல நெத்திலி இருந்தா எனக்கு மிச்சம் வைக்கிற ஆளா அவரு?"

பக்கத்து நாற்காலி ஜன்னத் சிரித்தாள். கணவர் ஐயாத்துரைக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தாநாள் சற்குணத்துக்கு எடுத்த இதய ஸ்கேன் அறிக்கை அவர் சட்டைப்பையில் இருந்தது. வால்வில் சுண்ணாம்பு படிந்து, மூன்று இதழ்களில் இரண்டு அசையவே சிரமப்படுகின்றனவாம். இன்னும் இறுகினால் ஆபரேஷன். இந்த உடம்பு தாங்குமா என்றதற்கு டாக்டரே இழுத்துத்தான் பதில் சொன்னார். ஒன்பது வருஷமாக வாரம் மூன்று நாள் ஊசிக்குக் கை நீட்டியும் முகம் சுளிக்காத மனுஷி. தண்ணீரை அளந்து குடிப்பாள். சாப்பாட்டுத் தட்டோடு மாத்திரையை எடுத்து வைக்க ஒருநாளும் மறந்ததில்லை. அப்புறம் எங்கிருந்துதான் பாஸ்பேட் ஏறுகிறது?

"நேத்து என்ன சாப்டீங்க?"

"நேத்து வெள்ளிக்கிழமைலா. முருகனுக்கு விரதம். மூணு டம்ளர் பாலு, வேற ஒன்னும் இல்ல."

"மாத்திரை?"

"அது சாப்பாட்டோட போடுறதுதானே. சாப்பிடாத அன்னிக்கு எதுக்கு?"

ஐரீன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பால்லதான் ஆன்ட்டி பாஸ்பேட் நெறைய. மாத்திரை இருந்தா வயித்துலயே புடிச்சு வச்சிரும். இல்லன்னா ரத்தத்துல ஏறி, கால்சியத்தோட சேர்ந்து வால்வுல போய் உக்காந்துரும். இது மட்டுந்தான் காரணம்னு சொல்லல. இதுவும் சேர்ந்திருக்கும்."

ஆயர் ஈத்தாம் வரை பஸ் ஏறிப்போய், கறந்த பாலாகத் தேடி வாங்கிவந்தவர் ஐயாத்துரை. சுண்டக் காய்ச்சி, ஆடையோடு கொடுத்தவரும் அவர்தான்.

"நான்தான் மிஸ்ஸி ஊத்தி ஊத்திக் குடுத்தேன்."

"ஊத்துனது நீங்க, குடிச்சது நானு. சும்மா இருங்க," என்ற சற்குணம், ஐரீனிடம் திரும்பினாள். "படிஞ்சது கரையுமா?"

"கரையாது. இன்னும் சேராம பாத்துக்கலாம். ஆறு மாசத்துல திரும்ப ஸ்கேன்."



"விரதத்த விட்ருவோம்," என்றார் ஐயாத்துரை.

"எதுக்கு விடணும்? முருகன்கிட்ட நான் வேண்டிக்கிட்டது பசியோட இருக்கேன்னுதான். பாலு குடிக்கிறேன்னு யாரு சொன்னா? மத்தியானம் ஒரு நேரம் சோறு, கூடவே மாத்திரை. சரியா மிஸ்ஸி?"

ஐரீன் தலையாட்டுவதற்குள் அவள் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள்.

"ஏய் ஜன்னத், புவாசா மாசத்துல நோன்பு தொறக்கிறப்ப நீ மாத்திரை போடுறியா? இல்ல, நீயும் என்ன மாதிரி மடச்சியா?"

ஜன்னத்தின் சிரிப்பு நின்றது. அவள் ஐரீனைப் பார்த்தாள். ஐரீன் ஸ்டூலை அந்தப் பக்கம் நகர்த்தினார். நானாக இருந்தால் இந்தத் தப்பை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார் ஐயாத்துரை. ஊசி குத்திய கையை அசைக்காமல், கழுத்தை மட்டும் நீட்டி, ஜன்னத்துக்கு ஐரீன் சொல்வதைத் தானும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டிருந்தாள் சற்குணம்.

அடுத்த வெள்ளி மத்தியானம், நெற்றி நிறையத் திருநீற்றோடு சோற்றின் முன் உட்கார்ந்தாள். முதல் கவளத்தை விழுங்கிவிட்டு மாத்திரையைக் கடித்து மென்றாள். உதட்டோரம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. ஐயாத்துரை அவளுடைய இடது கையின் மேல் தன் கையை வைத்தார். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்த, தழும்பேறிய தோலுக்கடியில் ரத்தம் வண்டு போல இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டாவது கவளத்தை உருட்டினாள். அவர் கையை எடுக்கவில்லை.