இருநூற்றுப் பன்னிரண்டாம் படிவம்

செத்துப்போன பொருளியல் பேராசிரியர்களின் காகிதங்களைத் தூசி தட்டி அடுக்குவது என் உத்தியோகம். பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருபத்தாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். பெரிய மனிதர்கள் பாராட்டுக் கடிதம் ஒன்றையும் தவறவிட மாட்டார்கள். பெண்சாதி எழுதியதை மட்டும் எங்காவது சொருகி வைத்திருப்பார்கள்.

பேராசிரியர் அன்ட்ரூ யாகப்பரின் நாற்பத்தொரு பெட்டிகள் அம்பிட்டிய வீட்டிலிருந்து வந்தன. பத்தொன்பதாவது பெட்டியில், எழுபத்துநாலாம் ஆண்டுப் பஞ்சத்தின்போது அவர் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் குடியிருப்புகளில், வீடுவீடாகப் போய் நிரப்பிய படிவங்கள். பட்டினி கிடந்தவர்களின் பெயர் வெளியே போகக் கூடாது, பெயரில்லாமல் விபரங்களை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் படிவங்களை இயந்திரத்தில் போட்டு வெட்டிவிட வேண்டும் என்று என் மேலதிகாரி நிலூஷா சொல்லியிருந்தார். நியாயமான பேச்சுத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைத் திறந்தால், எல்லாவற்றுக்கும் மேலே இருநூற்றுப் பன்னிரண்டாம் படிவம். வரிசை குலைந்தால் எனக்குக் கோபம் வரும். திட்டிக்கொண்டே அதன் இடத்தில் செருகினேன். புதன்கிழமையும் அதுவே மேலே கிடந்தது. சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மறுபடியும் நடுவில் வைத்து, பெட்டியை மூடி, மேலே நாலு தடித்த புத்தகங்களை ஏற்றினேன். வியாழக்கிழமை புத்தகங்கள் மேசையில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. படிவம் மேலே வந்திருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அதை வாசித்தேன்.

குடும்பத் தலைவர் வீரையா, மனைவி அங்கம்மா. என் அப்பாவும் அம்மாவும். பிள்ளைகள் என்ற இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ‘கலாராணி, பெண், இரண்டு வயது. போன மாதம் இறந்தது.’ அதற்குக் கீழே, ‘பெண், கைக்குழந்தை. பெயர் வைக்கவில்லை.’

என் பெயர் கலாராணி. எனக்கு அக்கா இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

மஹய்யாவ வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். படிவத்தில் இருந்ததை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

“அவளுக்கு எடுத்த பொறப்புப் பத்திரம் கையில இருந்திச்சி. உனக்கு ஒன்னு எடுக்க, பொறப்பு பதியிற கச்சேரிக்கு நடக்கத் தெம்பில்ல. அவ செத்ததையும் யாரும் பதியல. ஸ்கூல்ல கேட்டப்ப அதையே குடுத்துட்டேன்.”

“எனக்குன்னு ஒரு பேரு வைக்கவே இல்லியாம்மா?”

“கோவிச்சுக்காத புள்ள. கலாராணின்னு கூப்பிட்டா நீங்க ரெண்டு பேருமே வந்துருவீங்க. நீ முன்னுக்கு, அவ பின்னுக்கு. அவளுக்கும் சேத்துத்தான் தெனம் ஒரு பிடி சோறு வைக்கிறேன்.”

அதைக் காக்காய்க்கு என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மற்றப் படிவங்களை எல்லாம் வெட்டி முடித்தேன். இது ஒன்று மட்டும் கையில் மிஞ்சியது. வெட்டினால், அவள் இருந்ததற்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. வைத்தால், அடையாள அட்டை முதல் உத்தியோகம் வரை என்னுடையது எல்லாம் பொய். ஆனாலும் இரண்டு வயதுப் பிள்ளையை இரண்டாம் முறை சாகடிக்க எனக்கு மனம் வரவில்லை. புதுக் கோப்பு ஒன்றில் அதை வைத்து, மேலே பென்சிலால் எழுதினேன்: கலாராணி, 1972–1974.

“கலாராணி, வேலை முடிஞ்சிச்சா?” என்று நிலூஷா கதவடியில் நின்று கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. அது அவளுடைய பெயர்.

“இந்தா, முடிஞ்சிச்சி” என்றது அலுமாரிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மழலைக் குரல்.

“சரி” என்று சொல்லிவிட்டு நிலூஷா போய்விட்டார். என்னைக் கூப்பிட இனி யாரிடமும் ஒரு பெயர் இல்லை.