கறுவலுக்குப் பூட்டிய அறை

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு எனக்குக் கிடைத்தது ஒரு வெறும் உரப்பை மட்டும்தான். பருத்தித்துறை பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் அதை மடித்து மடியில் வைத்திருந்தாள். என் வாய் சும்மா கிடக்குமா? "என்ன பிள்ளை, உரம் வாங்கவோ?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, பூனை பிடிக்க" என்றாள். புத்தூரில் இறங்கிப் போய்விட்டாள். மிச்சம் முழுக்க என் கற்பனை. பிழை இருந்தால் என்னை ஏசுங்கள், அந்தப் பிள்ளையை விடுங்கள்.

அவளுக்கு உதயகலா என்று பெயர் வைத்தேன்.

2.

முதல் தொடக்கம்: "கீரிமலைக் கடற்காற்று உதயகலாவின் கூந்தலை மெல்ல..."

(கண்டறியாத கூந்தல். வெட்டியாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: "பல்லாண்டுகளின் பின் விடுவிக்கப்பட்ட காணியில்..."

(இது பேப்பர்ச் செய்தி. ஆனால் விஷயம் அதுதான். நேரே சொல்கிறேன்.)

உதயகலாவின் தகப்பன் தியாகராசா கீரிமலைக்காரர். சண்டையில் இடம்பெயர்ந்து, புத்தூரில் அருமைநாயகி என்ற மனுசியின் வளவில் வாடகைக்கு இருந்தவர். இராணுவம் பிடித்து வைத்திருந்த கீரிமலைக் காணி விடுபட்டதும் ஓடிப்போய் அங்கே வீடு கட்டினார். உதயகலா பிறந்தது புத்தூரில். தாயைப் பறிகொடுத்தது, கலியாணம் சரிவராமல் திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதது, எல்லாம் அந்த வாடகை வீட்டில்தான். ஆனால் "சொந்த இடம் எது?" என்று யாரும் கேட்டால் "கீரிமலை" என்று சொல்லத்தான் அவளைப் பழக்கியிருந்தார்கள். சொந்த ஊருக்குப் போகிறோம் என்று தகப்பன் துள்ளிக்கொண்டு நிற்கும்போது, எனக்கு இந்த வீடுதான் வேணும் என்று எந்த வாயால் சொல்வது? அவள் சொல்லவில்லை. அங்கே வளர்த்த பூனையைக் கொண்டுதான் வருவேன் என்று மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள்.

3.

"புது இடத்திலை உடனை விட்டால் ஓடிடும், பிள்ளை" என்றார் மாட்டு டொக்டர்.* "ஒரு அறைக்குள்ளை ரெண்டு மூண்டு கிழமை பூட்டி வை. வீட்டு மணம் பிடிச்சால் பழசை மறந்திடும்."

"கொரோனாவுக்கு எங்களை அடைச்ச மாதிரி" என்று சிரித்தார் தியாகராசா. பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "என்னெண்டு மறக்கும்? இவ்வளவு காலம் புத்தூரிலை கிடந்தனான், நான் மறந்தனானோ?"

* எங்கள் பக்கத்தில் பூனைக்கு வைத்தியம் பார்ப்பவரும் மாட்டு டொக்டர்தான்.

பூனைக்குக் கறுவல் என்று பெயர். அது மீனைச் சாப்பிடும், பிறகு பூட்டின கதவடியில் போயிருந்து கத்தும். சமையலை முடித்துவிட்டு உதயகலாவும் உள்ளே போய் அதற்குப் பக்கத்தில் இருப்பாள். ஒருநாள் "எனக்கும் போகவேணும்தானடா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, யாருக்கும் கேட்டிருக்குமோ என்று பயந்து திரும்பிப் பார்த்தாள்.

(இந்த இடத்தில் எனக்கு அவளில் சந்தேகம் வந்தது. முப்பது தாண்டின பிள்ளை பூனையோடு இருந்து கதைப்பாளா? என் மனுசியிடம் கேட்டேன். "உங்களோடை கதைக்கிறதிலும் பாக்க நல்லம்" என்றாள். சந்தேகம் தீர்ந்தது.)

4.

வந்து இருந்த பிறகுதான் பால் காய்ச்ச நல்ல நாள் கிடைத்தது. புது வீட்டுக் குடிபூரலன்று ஐயர் சொன்னார்: "பால் பொங்கேக்கை வீட்டிலை ஒரு கதவும் பூட்டியிருக்கப்படாது."

தியாகராசாவுக்கு அன்று கால் நிலத்தில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஓடி ஓடி ஒவ்வொரு கதவாகத் திறந்தார். உதயகலா அடுப்படியில், சுற்றிவர ஆட்கள். பால் பொங்கியது, சங்கு ஊதினார்கள், எல்லோரும் அழுதார்கள். பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அறை வெறுமை.

"ஐயோ கோதாரி, என்ரை கையாலை திறந்துவிட்டனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் மனுசன்.

தேடாத கிணறில்லை, பற்றையில்லை. பிறகு ஒருநாள் அருமைநாயகி போன் எடுத்தாள். "பிள்ளை, உன்ரை கறுவல் இஞ்சை வந்து நிக்குது. மெலிஞ்சு துரும்பாப் போச்சு."

உதயகலாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பொறாமை. ஒருவரிடமும் கேட்காமல், ஒருவருக்கும் பதில் சொல்லாமல், நடந்தே போய்விட்டது அந்தச் சனியன்.

5.

முடிவு ஒன்று: பூனையை உரப்பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறாள். திரும்பவும் அறை, திரும்பவும் பூட்டு. (எழுதிப் பார்த்தேன். கை போகவில்லை.)

முடிவு இரண்டு: பூனையை அருமைநாயகியிடமே விட்டுவிட்டு, நிறைந்த மனதோடு...

(பாதியில் விட்டுவிட்டேன். அவளுக்கு ஏன் இந்தப் பெருந்தன்மை? அவளுக்குப் பூனையும் வேணும், புத்தூர் வீட்டில் இருந்து பழகின அந்தக் குசினிப் படியும் வேணும்.)

ஆகவே அவளை அந்தப் படியிலேயே இருத்தினேன். கறுவல் மடியில் ஏறிச் சுருண்டது. அதன் முதுகைத் தடவித் தடவி அவள் அழுதாள். அருமைநாயகி தேத்தண்ணி போட உள்ளே போன நேரம் போன் அடித்தது.

"என்ன பிள்ளை, பூனை கிடைச்சதோ?"

"ஓம் அப்பா" என்றுதான் நான் எழுதி வைத்திருந்தேன். அவள் வாயில் அது வரவில்லை.

"இல்லையப்பா. இன்னும் காணேல்லை. நாளைக்கும் வந்து தேடவேணும்."

அந்த நேரம் பார்த்துக் கறுவல் நீட்டி முழக்கிக் கத்தியது.

தியாகராசாவுக்குக் காது நல்லாகக் கேட்கும்.

"சரி பிள்ளை" என்றார். "வடிவாத் தேடு. அவசரப்படாதை."

தகப்பன் சொன்ன அந்த "அவசரப்படாதை" எத்தனை நாளுக்கு என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எத்தனை நாள் அவளை விடுவீர்களோ, அத்தனை நாளும் அவள் தேடட்டும்.